சுழி பழகும் விரல்கள்

கல்லூரித் தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பாளராக மூன்று மணி நேரம் நடப்பவர்களுக்குச் செய்வதற்கென்று பெரிய வேலை ஏதுமில்லை. கூடுதல் தாள் கேட்கும் கைக்குத் தாளும், தாள்களைக் கட்டுவதற்கு நூலும் கொடுக்க வேண்டும், அவ்வளவே. எஞ்சிய நேரத்தில் நாம் பார்த்துக்கொண்டிருப்பது விரல்களை. பேனாவைப் பிடிக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். கட்டைவிரலை மற்ற விரல்களின்மேல் போர்த்திக்கொண்டு முட்டி மடக்கி எழுதுவோர் உண்டு. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனாவைச் செருகிக்கொண்டு எழுதுவோர் உண்டு. மணிக்கட்டை உள்நோக்கி முறித்துவைத்து, தோளையும் சேர்த்து நகர்த்தி எழுதுவோரும் உண்டு. இவர்களெல்லாம் முதல் பத்து நிமிடம் வேகமாகத்தான் எழுதுகிறார்கள். அரை மணி கழிந்ததும் கையை உதறத் தொடங்குகிறார்கள். குறுந்தொகைப் பாடலுக்கு வகுப்பில் அழகாகத் திணை துறை கூறிய மாணவி, விடைத்தாளில் நான்காம் பக்கத்தோடு நின்றுவிடுகிறாள். கேட்டால், “தெரியும் அம்மா, கைதான் ஓடவில்லை” என்கிறாள்.

இருபது வயதில் ஓடாத கை, ஏறத்தாழ மூன்று, நான்கு வயதிலேயே நின்றுபோயிருக்க வேண்டும் என்பது நெடுநாளாக நம் ஊகம். இந்த ஊகம் 2024ஆம் ஆண்டு ஜூலையில் நம் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்துகொண்டது.

அவ்வாண்டு ஜூனில் நம் இளைய மகன் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தான். மூன்று வயதும் எட்டு மாதமும். ஐந்தாவது வாரத்தில் பள்ளி டைரியில் ஒரு குறிப்பு வந்தது: எழுத்துகள் கோட்டுக்குள் நிற்கவில்லை, நாள்தோறும் வீட்டில் இரண்டு பக்கம் ‘அ’ எழுதிப் பழக்கவும். நாமும் கணவரும் மாறிமாறி அவன் அருகில் உட்கார்ந்து பார்த்தோம். பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் பற்றினான். அழுத்திய அழுத்தத்தில் முனை ஒடிந்தது. சீவிக் கொடுத்தால் மீண்டும் ஒடிந்தது. விரல்கள் அசையவில்லை, தோள்தான் அசைந்தது. நான்காவது ‘அ’ முடிவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது, கண்ணில் நீரும் வந்துவிட்டது. ஒரு வாரம் சென்றபின் பென்சில்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. எல்லாம் சமையலறையில் எரிவாயு உருளைக்குப் பின்னாலிருந்து கிடைத்தன. ஏனென்று கேட்டதற்கு அவன் சொன்ன விடை, தமிழ் கற்பித்துச் சோறு உண்ணும் வீட்டில் கேட்பதற்கு அத்தனை எளிதாக இல்லை. “எனக்கு அ வேணாம்” என்றான்.

கணிதம் வேண்டாம் என்னும் பிள்ளையைப் பார்த்திருக்கிறோம். அகரத்தையே வேண்டாம் என்பவனை என்ன செய்வது?

அன்றிரவு தொடங்கி, தமிழ் இலக்கணம் படித்த நாம் கையின் இலக்கணம் படிக்கத் தொடங்கினோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எலும்புகளாக இருப்பதில்லை, வெறும் குருத்தெலும்பு. பச்சிளங் குழந்தையின் மணிக்கட்டை ஊடுகதிர்ப் படம் எடுத்தால் அங்கே ஒரு வெற்றிடம்தான் தெரியும். முதலாண்டில் இரண்டு எலும்புகள் இறுகத் தொடங்கும். நான்கு வயதில் மூன்றோ நான்கோ தெரியும். கடைசி எலும்பு தோன்றுவதற்கு ஒன்பது, பத்து, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகும். குழந்தையின் வளர்ச்சி வயதைக் கணிக்க மருத்துவர்கள் கையைப் படமெடுத்துப் பார்ப்பது இதனால்தான். எழுதும் கைக்கு அடிமனையாக நிற்க வேண்டிய இடத்தில் பாதிக் கற்களே இறுகியிருக்கையில், அதன்மேல் இரண்டு பக்கம் அகரத்தை ஏற்றுகிறோம்.

எலும்பு மட்டுமன்று. உடலின் கட்டுப்பாடு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பரவுகிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில் விரல்நுனி. எழுதுகோல் பிடிப்பும் இந்த ஒழுங்கில்தான் மாறுகிறது. ஒன்றரை வயதில் முழுக்கையால் பற்றுவது. இரண்டு, மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கிப் பிடிப்பது. நான்கையொட்டி மூன்று விரல் கூடி நிற்பது, ஆனால் அப்போதும் விரல் நகராமல் கை முழுதும் நகர்வது. ஐந்து, ஆறு வயதில்தான் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமே நெளிந்து எழுதுவது. மோதிரவிரலும் சிறுவிரலும் இதில் சும்மா இருப்பதாகத் தோன்றும். அவை உள்ளங்கைக்குள் மடங்கித் தாளில் ஊன்றி நின்றால்தான் மற்ற மூன்றும் ஆட முடியும். பின்பாட்டுக்காரர் இல்லாமல் கதாகாலட்சேபம் நடக்குமா?

இனி, நமக்கு உண்மையில் சுவை தட்டிய பகுதிக்கு வருவோம். குழந்தைகள் வடிவங்களைப் பார்த்து வரையும் திறனுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு வயதில் நெடுக்குக்கோடு வரும், அடுத்துக் கிடைக்கோடு, மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தையொட்டிச் சதுரம், முக்கோணம் அதற்கும் பின்னால். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதங்கள் முன்பின் ஆகலாம், வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் எழுத்துகளைப் பாருங்கள். ‘ட’ என்பது கீழே இறங்கும் ஒரு கோடு, வலப்புறம் ஓடும் ஒரு கோடு. ‘ப’ அதனோடு மேலே ஏறும் இன்னொரு கோடு. ‘ம’ அதற்கும் மேலாக ஒரு வளைவு. மூன்று வயதுக் கைக்குள் அடங்குபவை இவை. ‘அ’ அப்படியன்று. சிறு சுழியில் தொடங்க வேண்டும், சுழியிலிருந்து விரிந்து வளைய வேண்டும், வளைந்த திசையை மாற்ற வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், கையை எடுத்து நெடுங்கோடு இறக்க வேண்டும். ‘இ’ இதைவிடக் கொடிது. வளைவுக்குள் வளைவு, அதற்குள் சுழி. உயிரெழுத்துகளின் வரிசையில் முதலாவதும் மூன்றாவதுமாக நிற்பவை, கையின் வரிசையில் ஏறக்குறையக் கடைசியில் நிற்க வேண்டியவை.

நெடுங்கணக்கின் மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. அது ஒலியின் ஒழுங்கு. தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்து, நெஞ்சும் மிடறும் நாவும் அண்ணமும் இதழும் எப்படிக் கூடி ஒவ்வோர் எழுத்தையும் பிறப்பிக்கின்றன என்று நுட்பமாகச் சொல்கிறார். வாய் திறந்தால் பிறக்கும் அகரம் முதலில் நிற்பது முறையே. ஆனால் அது வாயில் பிறக்கும் பிறப்பு. வரிவடிவத்தைப் பற்றி அவர் சொல்பவை சிலவே. பெரும்பாலும் புள்ளியைப் பற்றியவை. எழுத்து விரலில் பிறக்கும் முறைக்குப் பிறப்பியல் எழுதப்படவில்லை. வாயால் அ, ஆ, இ, ஈ என்று பாடிக்கொண்டே கையால் ட, ப, ம எழுதலாம். ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை. இதை அறிந்த ஆசிரியர்கள் நம்மிடையே என்றும் இருந்திருக்கிறார்கள். ட, ப, ம எனத் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று மூன்று எழுத்துகளிலேயே சொற்களைக் கட்டிக் காட்டும் தொடக்கப் பாடமுறை நமக்குப் புதியதன்று. மழலையர் பள்ளிகள் மட்டும் அதை ஏனோ கைவிட்டு, முதல் நாளே அகரத்தைக் கையில் திணிக்கின்றன.

இவ்விடத்தில் எழுத்துச் சீர்திருத்தம் நினைவுக்கு வருகிறது. ணா, றா, னா என்பவை ஒருகாலத்தில் கால் தனியாக இல்லாமல் ஒட்டிச் சுழித்த வடிவங்களாகவும், ணை, லை, ளை, னை என்பவை யானைத் தும்பிக்கைபோல் மேலே வளைந்த கொம்புடனும் இருந்தன. பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். தமிழக அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. அதனால் குழந்தையின் சுமை சற்றுக் குறைந்தது உண்மை. உகர ஊகார வரிசையையும் அப்படி ஒழுங்குசெய்ய வேண்டுமென்று வா.செ. குழந்தைசாமி போன்றோர் பின்னாளில் வாதிட்டனர். அதில் நமக்கு உடன்பாடில்லை. வடிவத்தைக் குறைப்பதற்கு முன் விரலைப் பழக்கிப் பார்ப்போமே என்பது நம் கட்சி. இது தனிக் கட்டுரைக்குரிய சண்டை, விட்டுவிடுவோம்.

விரலைப் பழக்குவது எப்படி? நம் முன்னோர் பென்சிலில் தொடங்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் அமர்ந்தது மணலின் முன். ஓலையும் எழுத்தாணியும் பின்னால் வந்தவை. மணலில் எழுதும்போது விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் கருவி ஏதுமில்லை. மணல் சிறிதே எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு, கோடு எங்கே திரும்புகிறது என்பதைத் தசைக்குச் சொல்லும். எழுத்து கை அகலத்துக்கு நிற்பதால் தோளும் முழங்கையும் அசைய இடமிருக்கும். தவறினால் தடவிவிட்டால் போதும். சிவப்பு மையின் பெருக்கல் குறி அங்கே நிற்காது.

இந்த மணல் கடல் கடந்து போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தம் இல்லத்தில் அதைப் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து அதை 1797இல் இலண்டனில் நூலாக்கினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நூறாண்டுக்குப்பின், 1907இல் உரோமில் தம் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டி, இரண்டு விரலால் தடவச் செய்தார். அவருடைய பிள்ளைகள் தடவி அறிந்த எழுத்துகளை ஒருநாள் தாமே எழுதத் தொடங்கியதை அவர் வியந்து பதிவு செய்திருக்கிறார். அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆக, சொரசொரப்பான பரப்பில் விரலால் எழுதும் கல்வி இந்த மண்ணிலிருந்து போனதுமுண்டு, வேறு வழியில் திரும்பி வந்ததுமுண்டு. நாம் மட்டும் இரட்டைக்கோடு நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சடங்கில்கூட விரல்தான் முதலில் வருகிறது. 2023 விசயதசமியன்று கூத்தனூர்ச் சரசுவதி கோயிலில் கணவர் மகனை மடியில் இருத்தி, தாம்பாளத்து நெல்லில் அவன் சுட்டுவிரலைப் பிடித்து எழுத வைத்தார். அன்று அவன் அழவில்லை. விரலை இன்னும் நெல்லுக்குள் ஆழமாக நுழைத்துச் சிரித்தான். அந்தச் சடங்கு தன்னை அறியாமல் ஒரு பாடத்திட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. நாம் பூசை முடிந்ததும் நெல்லைக் குதிரிலும் பிள்ளையைப் பள்ளியிலும் போட்டுவிடுகிறோம்.

ஆகவே இரண்டு பக்க அகரத்தை நிறுத்தினோம். மணல் தேடினால் மயிலாடுதுறைப் பக்கம் இப்போது கட்டடத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். குழந்தையின் விரலை அறுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடிக் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்து, உப்புப் போக அலசிக் காயவைத்தோம். சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஊரின் மணல் என்று நாம் பெருமையாகச் சொன்னபோது வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பி, தரையில் வைத்தோம். ‘ட’ மட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அவன் தானாக எழுந்துபோனால் அன்றைய பாடம் முடிந்தது.

ஆனால் நம் வீட்டில் மெய்யான ஆசிரியர் அத்தைதான். நம் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாள்தோறும் விடியலில் வாசலில் பதினைந்து புள்ளிச் சிக்குக்கோலம் கைநடுக்கமின்றிப் போடுகிறார். மணல் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் போனீங்க? காலையில எங்கிட்ட அனுப்பு” என்றார். மறுநாள் முதல் அவன் வாசலில் அப்பாயிக்கு அருகே குந்திக்கொண்டான். முதலில் அவர் கொடுத்தது புள்ளி வைக்கும் வேலை. கோலமாவைக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் கிள்ளி எடுத்து, ஒரே இடத்தில் ஒரே அளவு விழும்படி விட வேண்டும். அந்தக் கையைக் கூர்ந்து பார்த்தபோதுதான் நமக்கு உறைத்தது: பேனா பிடிக்கும் பிடி இதுவேதான். மூன்று விரல் கூடுகிறது. மற்ற இரண்டு விரல் மடங்கி உள்ளங்கையில் ஒதுங்குகிறது. மாவு இழையாக இறங்க வேண்டுமானால் கட்டைவிரல் சுட்டுவிரலின்மேல் மெல்ல உருள வேண்டும். அழுத்தினால் குவிந்துவிடும், தளர்த்தினால் கொட்டிவிடும். அழுத்தத்தின் அளவை எந்த நோட்டும் இப்படிக் கற்பிக்காது. அடுத்துப் புள்ளியைச் சுற்றிச் சுழிப்பது. சிக்குக்கோலத்தின் இழை, புள்ளியைச் சுற்றித் திரும்பித் தன்னையே குறுக்கே கடந்து போகிறது. ‘அ’, ‘ண’, ‘ழ’ எல்லாவற்றின் உறுப்புகளும் அந்த வாசலில் சிதறிக் கிடந்தன.

பெண்பிள்ளைகளின் கையெழுத்து பொதுவாக நன்றாக இருக்கும் என்று ஆசிரியர் ஓய்வறைகளில் சொல்லிக்கொள்வோம். பூத்தொடுத்தலும் கோலமும் ஐந்தாங்கல்லும் பல்லாங்குழியும் அவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியதில் அந்தக் கூற்றின் விடை ஓரளவு இருக்கலாம். ஆண்பிள்ளை கோலம் போடுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். அத்தை நிமிராமலேயே, “எழுத்துக்குப் பழகுறான்” என்றார். அவர் சிரிப்பு அதோடு அடங்கிற்று.

எழுத்தே வேண்டாம், ஆறு வயதுவரை களிமண் உருட்டட்டும், மணி கோக்கட்டும் என்று வாதிடும் நண்பர்களும் நமக்கு உண்டு. எழுதுவதே வழக்கொழியப் போகிறது, தட்டச்சு போதும் என்பாரும் உண்டு. இருவரோடும் நமக்கு முழு உடன்பாடில்லை. காரின் ஜேம்சும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றை இங்கே சொல்ல வேண்டும். இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எழுத்துகளை மூன்று வகையில் பழக்கினார்கள்: சில எழுத்துகளைத் தாமே கையால் எழுதுவது, சிலவற்றின் வடிவத்தின்மேல் தடம்பற்றி வரைவது, சிலவற்றை விசைப்பலகையில் தட்டுவது. பிறகு அவ்வெழுத்துகளைக் காட்டி மூளையின் இயக்கத்தைப் படமெடுத்தார்கள். படிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள், தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளைக் கண்டபோதுதான் தெளிவாக விழித்துக்கொண்டன. தட்டியவற்றுக்கும் தடம்பற்றியவற்றுக்கும் அவ்வாறில்லை. குழந்தை கோணலாக, ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக எழுதுகிறதே, அந்தக் கோணலுக்குள்தான் எழுத்தின் சாரம் பிடிபடுகிறது போலும். கடைகளில் விற்கும் புள்ளியிட்ட எழுத்துப் புத்தகங்களை நம்பி அமர்ந்திருக்கும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். புள்ளிகளின்மேல் ஊர்ந்து செல்லும் கை, அடுத்த புள்ளியைத்தான் பார்க்கிறது, எழுத்தைப் பார்ப்பதில்லை. ஒரு முறை தடவட்டும், ஒரு முறை தொடரட்டும். பிறகு வெற்றிடத்தில் தானே எழுதட்டும்.

எழுத்துப் பயிற்சியைப்போல் விரலுக்கு உகந்த வேறு பயிற்சி அரிது என்றே சொல்வோம். தொடக்கம், திருப்பம், நிறுத்தம் மூன்றும் அதில் உண்டு; முடிவில் ஒரு பொருளும் உண்டு. ‘ப’, ‘ட’ இரண்டையும் சேர்த்து எழுதி ‘பட’ என்று படித்தபோது அவன் முகத்தில் வந்த வியப்பு, மணி கோத்தபோது வந்ததில்லை.

பள்ளிக்கும் போனோம். வகுப்பாசிரியை இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். நாற்பது பிள்ளைகளோடு ஒரு சிறு அறையில் நின்றிருந்தார். நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கும் தெரியும் மேடம். நோட்டில் பக்கம் நிரம்பவில்லை என்றால் மற்றப் பெற்றோர் வந்து கேட்பார்கள், பள்ளியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று. நிர்வாகமும் நோட்டைத்தான் திருத்திப் பார்க்கிறது” என்றார். அவர் குரலில் எரிச்சலில்லை, களைப்பு இருந்தது. நமக்கு அவர்மேல் கோபம் கொள்ள இடமில்லாமற் போயிற்று. நோட்டின் பக்கங்களை எண்ணிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பெற்றோராகிய நாமெல்லாரும்தான்.

ஒரு வழி அவருக்குத் தோன்றியது. அந்த அறையின் ஒரு பக்கச் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வண்ணம் பூசித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டுப்பார்க்கிறேன் என்றார். செயல்வழிக் கற்றல் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 தொடங்கியும் 2007 முதல் தமிழகமெங்கும், அரசுத் தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் அப்படித்தான் தாழ்வாகப் பூசினார்கள். அவர் அத்தகைய பள்ளியில் படித்தவராம். நின்றுகொண்டு செங்குத்தான பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னோக்கிச் சாய்ந்து உரிய நிலைக்கு வருகிறது, தோளும் வலுவடைகிறது. குட்டையான சுண்ணக்கட்டித் துண்டாக இருந்தால் ஐந்து விரலால் பிடிக்க இடமே இருக்காது, மூன்று விரல்தான் கொள்ளும். ஒடிந்த சுண்ணக்கட்டியைத் தூக்கி எறியாதீர்கள் என்பது மட்டுமே நாம் கொடுத்த ஆலோசனை. வண்ணம் பூசுவதற்கு ஐந்து மாதமாயிற்று, பூசினார்கள். நோட்டுப் பயிற்சி நாளொன்றுக்கு அரைப் பக்கமாகக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை.

மகன் இப்போது யு.கே.ஜி. முடிக்கப்போகிறான். பென்சில் மூன்று விரலுக்கு வந்துவிட்டது; சில நாள் மறந்து உலக்கைக்குத் திரும்புகிறது. ட, ப, ம, ய எல்லாம் கோட்டுக்குள் நிற்கின்றன. ‘அ’ சென்ற கார்த்திகையில், யாரும் கேட்காத ஒரு மாலையில், அகல்விளக்கு வைக்கும் படியில் சுண்ணக்கட்டியால் பிறந்தது. சுழி மட்டும் எழுத்தைவிடப் பெரிதாக இருந்தது. இகரம் இன்னும் பிடிபடவில்லை. “அது சுத்திக்கிட்டே போவுதும்மா, எங்க நிறுத்தணும்னு தெரியல” என்கிறான். அத்தை அவனுக்கு ஐந்து புள்ளிக் கோலத்தில் மூன்றாவது சுழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.